ஊசி படாத கிடா

ஆட்டுக்கு உடம்பு சரியில்லை, அதனால் வீட்டுப் பெண் வேலையை விட வேண்டும். இதில் என்ன நியாயம் என்று யாரும் கேட்கவில்லை. பானுமதியின் மூத்தார் முருகானந்தம் சொன்னார், சுற்றி நின்ற பங்காளிகள் தலையை ஆட்டினார்கள், அவள் புருஷன் ஜெயக்குமார் தரையைப் பார்த்தான். அரியமங்கலத்தில் அவர்கள் வீட்டுக் கொல்லைக்கும் என் தையல் கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் நான் தும்முவேன். அதனால் நடந்தது அத்தனையும் எனக்குத் தெரியும். நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

பானுமதி மன்னார்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. மலம் மூத்திரம் அள்ளுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, ஆள் போய்விட்டால் துடைத்து, தாடையைக் கட்டி, வண்டியில் ஏற்றிவிடுவது எல்லாம் அவள் வேலை. அந்த ஆஸ்பத்திரி சோப்பில் கழுவிக் கழுவி அவள் உள்ளங்கை வெடித்துக் கிடக்கும். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே என் கடைப் படியில் உட்கார்ந்து பேசுவாள். போன வருஷம் ஜெயக்குமாரை லாரி இடித்துப் போட்டதிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்தான். அவன் லேத் பட்டறையில் வால்வு கடைகிறவன். பாய்லருக்குப் போகிற பெரிய பெரிய வால்வு. நல்ல கைகாரன் என்று பெயர். இப்போது இடுப்பில் கம்பி இருப்பதால் அரை நாளுக்கு மேல் மெஷினில் நிற்க முடியவில்லை.

அவன் நினைவில்லாமல் கிடந்தபோது முருகானந்தம் குலதெய்வமான கருப்புக்கு ஒரு கிடா நேர்ந்துவிட்டார். தம்பி எழுந்து நடந்தால் மாசித் திருவிழாவில் வெட்டுவதாக வேண்டுதல். அதை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அன்றைக்கு மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். உயிருக்குப் போராடுகிறவனுக்காக யார் யாரிடம் வேண்டிக்கொண்டால் என்ன.

முருகானந்தம் அந்தக் கோயிலின் சாமியாடி. மற்ற நாட்களில் தஞ்சாவூர் ரோட்டில் பஞ்சர் கடை. நேர்ந்துவிட்ட குட்டிக்கு அடையாளமாகக் காது நுனியை வெட்டுவது அவர்கள் வழக்கம். அதுவும் வேண்டுதல் யாருக்காகவோ அவர் வீட்டு வாசலில் வைத்துத்தான் வெட்ட வேண்டும். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளேடை எடுத்தார். டியூபைச் சுரண்டி ஒட்டுப் போடுகிற பிளேடு, கறுப்புத் தூள் ஒட்டியிருந்தது. வேட்டியில் ஒரு துடை. சரக்கென்று வெட்டினார். ரத்தத்தின் மேல் விபூதியை அப்பினார். குட்டி கத்திய கத்தலில் என் கை தடுமாறி ஊசி விரலில் ஏறியது.

குட்டியை வளர்த்தது பானுமதி. டவுனுக்குள் ஆட்டுக்குத் தழைக்கு எங்கே போவது. வேலை முடிந்து வரும்போது காந்தி மார்க்கெட்டில் இறங்கி, கழித்துப் போட்ட முட்டைக்கோஸ் இலையும் காலிஃப்ளவர் தண்டும் பை நிறையப் பொறுக்கி வருவாள். அவள் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே அது கயிற்றை இழுக்கும். கறுப்பென்றால் எண்ணெய் தடவின கறுப்பு. கொழுப்புக்கும் குறைவில்லை. கட்டு அவிழ்ந்த ஒரு நாள் என் கடைக்குள் புகுந்து கே.கே. நகர் டீச்சர் ஒருத்தரின் பட்டு ரவிக்கையில் ஒரு கையைத் தின்றுவிட்டது. நான் அந்த டீச்சரிடம் என்ன பொய் சொன்னேன் என்பது வேறு கதை.

ஆடி மாதம் முருகானந்தம் மறுபடி வந்தார். காதில் வெட்டின இடம் கூடிப்போய் அடையாளம் தெரியவில்லையாம். அதே பிளேடு, அதே விபூதி. இந்தத் தடவை புண் ஆறவில்லை. மேலே பொருக்குத் தட்டி உள்ளே சீழ் கோத்துக்கொண்டது. பானுமதி வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவுவாள், மஞ்சள் பற்றுப் போடுவாள். இரண்டு நாள் வாடும், மறுபடி வீங்கும். ஒரு ஊசி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று அவள் கேட்டதற்கு, சாமி கிடா மேல் ஊசி படக்கூடாது, குறை ஏற்பட்டுவிடும் என்றார்.

ஐப்பசி மழை பிடித்தது. குப்பைக் கிடங்குப் பக்கமிருந்து வரும் புகை ஈரத்தில் மேலே போகாமல் தெருவிலேயே படுத்துக் கிடந்தது. கிடா நொண்ட ஆரம்பித்தது அப்போதுதான். மழையில் குளம்பு ஊறிவிட்டது என்று நினைத்தோம். கார்த்திகையில் எலும்பு எண்ணுகிற மாதிரி ஆகிவிட்டது. தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் கோத்துத் தொங்கியது. வயிற்றில் பூச்சி என்று ஜெயக்குமாரின் பட்டறை ஆட்கள் சொன்னார்கள். வேப்பங்கொழுந்தும் குப்பைமேனியும் அரைத்து ஊற்றினாள். வீக்கம் நெஞ்சுக்கு இறங்கியதுதான் மிச்சம்.

மார்கழி கடைசியில் எங்கள் தெருமுனையில் கால்நடைத் தடுப்பூசி முகாம் போட்டார்கள். ஆன்சி என்று ஒரு டாக்டர் வந்திருந்தாள், சின்னப் பெண். பானுமதி கிடாவை அணைத்துக்கொண்டு போனாள். நானும் மெஷினை மூடிவிட்டுக் கூடப் போனேன்.

"எப்பலேந்தும்மா இப்படி இருக்கு?"

"மழ புடிச்சதுலேந்துங்க. ஒரு நாளு முன்னங்கால நொண்டும். சரியாப் போச்சுன்னு பாத்தா மறுநாளு பின்னங்காலு. காய்ச்சல் வரும், போவும். திங்கிது டாக்டரம்மா, ஆனா ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது. நாலு தப்படி நடந்தா நின்னுக்குது."

ஆன்சி ஸ்டெதாஸ்கோப்பைக் கிடாவின் இடது முழங்கைக்குப் பின்னால் செருகிக் கண்ணை மூடிக்கொண்டாள். வெகு நேரம் எடுக்கவில்லை. பிறகு கழுத்து மயிரை விலக்கிக் காட்டினாள். நரம்பு சுண்டுவிரல் தடிமனுக்குப் புடைத்துத் துடித்துக்கொண்டிருந்தது.

"இதயத்துக்குள்ள வால்வுன்னு இருக்கும்மா. கதவு மாதிரி. ரத்தத்த ஒரு பக்கமா விட்டுட்டு மூடிக்கணும். இதுக்கு அந்தக் கதவுல கிருமி ஒக்காந்திருக்குன்னு நெனைக்கிறேன். மூட முடியாம ரத்தம் பின்னால ஒழுவுது. உஸ்ஸு உஸ்ஸுன்னு சத்தம் கேக்குது. அதான் நீர் கோக்குது. எல்லாரும் பூச்சின்னுதான் நெனப்பாங்க. காதுல என்ன இது?"

காதடியை லேசாக அமுக்கினாள். மோர் மாதிரி சீழ் வழிந்தது. அவள் முகம் மாறிப்போயிற்று.

"ஒடனே ஊசி ஆரம்பிக்கணும். தெனமும் போடணும், வாரக்கணக்கா. அப்பவும் பொழைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா போடலன்னா பொழைக்காது."

"மாத்திரையாக் குடுக்க முடியாதுங்களா?"

"ஆட்டுக்கு இந்த மருந்த வாய் வழியாக் குடுத்தா இரைப்பை கெட்டுப் போயிடும். ஊசிதான்."

யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பஞ்சர் கடையிலிருந்து முருகானந்தம் ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டார். பின்னாலேயே பங்காளிகளும் ஜெயக்குமாரும்.

"இது சாமி கெடாங்க. ஊசியெல்லாம் படக்கூடாது. ஒடம்புல குத்துப் பட்டா கருப்பு ஏத்துக்காது."

"ஐயா, இதுக்கு இதயத்துல..."

"அதெல்லாம் எங்க சாமி பாத்துக்கும். நீங்க மத்த ஆட்டப் பாருங்க."

பானுமதி கயிற்றை விடவில்லை. "காத வெட்டும்போது குத்துப் படலியா பெரியத்தான்? ரத்தம் வரலியா? அதுவும் ரெண்டு தடவ."

"அது சாமிக்காக வெட்டுனது."

"இதுவும் சாமி கெடா பொழைக்கத்தான்."

அவர் சத்தத்தை ஏற்றினார், முகாமில் நின்ற எல்லோருக்கும் கேட்கட்டும் என்று. "ஏன் எளைக்குதுன்னு எனக்குத் தெரியாதா? பொணத்தத் தொட்டுத் தொடச்சிட்டு வர்ற கையி. அந்தக் கையால சாமி கெடாவுக்குத் தீனி வச்சா எப்படித் தேறும்? மாசிக்குள்ள அந்த வேலைய வுடு. கெடா தானாத் தேறும்."

அப்போதுதான் பங்காளிகள் தலையை ஆட்டியதும் ஜெயக்குமார் தரையைப் பார்த்ததும். ஆன்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அடுத்த ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஆள் வந்துவிட்டது. போகும்போது பானுமதியின் கைப்பேசியில் தன் நம்பரைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் தகரத்துக்கு அந்தப் பக்கம் ரசம் கொதிக்கும் வாசனை வந்தது. கூடவே ஜெயக்குமாரின் குரலும் வந்தது.

"அண்ணன் ஏதோ சொல்லுது. மாசி வரைக்கும்தான. லீவு போட்டுப் பாரேன்."

"லீவு குடுக்க மாட்டாங்க. நின்னா வேற ஆளு போட்ருவாங்க. அப்பறம் என்னத்தத் திங்கிறது?"

"அதுக்கில்ல பானு. நாலு பேரு பேசுறாங்க."

கரண்டியை வைக்கிற சத்தம் கேட்டது. "நீங்க நெனவில்லாமக் கெடந்தப்ப ஒங்களுக்குப் பீ மூத்திரம் அள்ளுனது யாருங்க? என்னைய உள்ள வுடல. அங்க இருந்த ஆயாதான் அள்ளுச்சு. கண்ணு முழிச்சதும் அது கையப் புடிச்சுக்கிட்டு அழுதீங்களே. அந்தக் கை அதுக்கு முன்னாடி எந்தப் பொணத்தத் தொட்டுச்சுன்னு கேட்டீங்களா?"

தட்டில் சோறு விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அவன் மண்டையில் ஒன்று வைத்தால் தேவலை போலிருந்தது.

யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய் ஊசி போட்டுவிடேன் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "போட்டும் செத்துச்சுன்னா ஊசி போட்டுக் கொன்னுட்டான்னு சொல்லுவாங்கக்கா. போடாம செத்தா என் கை கொன்னுச்சும்பாங்க. எந்தப் பக்கம் போனாலும் என் தலைதான்" என்றாள். அவள் சொன்னதில் என்ன தப்பு. இரண்டு பக்கமும் பொறியை வைத்துவிட்டு நடுவில் அவளை நிறுத்தியிருந்தார்கள். அவள் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். போகும்போதும் வரும்போதும் தெருவில் சில வாசல்கள் பேச்சை நிறுத்தின.

திருவிழாவுக்கு முந்திய வெள்ளிக்கிழமை கிடாவிடம் உத்தரவு கேட்பார்கள். மஞ்சள் தண்ணீரை மேலே ஊற்றினால் அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். பொழுது சாய்கிற நேரம், மாசிப் பனி இறங்க ஆரம்பித்திருந்தது. வாசலில் பங்காளிகள் கூடிவிட்டார்கள். கிடாவை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து நிறுத்தினார்கள். தானாக நிற்க அதற்குத் தெம்பில்லை. தலை தொங்கிக் கிடந்தது. மூச்சு விலா தெறிக்க வாங்கியது.

முருகானந்தம் ஒரு குடம் ஊற்றினார். கிடா அசையவில்லை. இன்னொரு குடம் ஊற்றினார். கண்ணை மட்டும் மூடிக்கொண்டது.

"வீட்டுக்குள்ள ஏதோ கொற இருக்கு. அதான் உத்தரவு குடுக்க மாட்டேங்குது" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பானுமதி ஷிஃப்ட் முடிந்து வந்தாள், ஆஸ்பத்திரியின் நீலச் சேலையோடு, கையில் முட்டைக்கோஸ் இலைப் பையோடு. செருப்புச் சத்தம் கேட்டதும் கிடா தலையைத் தூக்கியது.

"அதுக்குக் காய்ச்சல் கொதிக்கிது. இந்தப் பனியில தண்ணி ஊத்தாதீங்க" என்று அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

முருகானந்தம் வேண்டுமென்றே அடுத்த குடத்தையும் கவிழ்த்தார். கிடா நடுங்கியது. கொம்பிலிருந்து வால் வரைக்கும் உடம்பு முழுக்க நடுங்கியது, பல் கிட்டித்தது. அது குளிர் காய்ச்சல் நடுக்கம் என்று பிள்ளை பெற்ற எந்தப் பொம்பளைக்கும் தெரியும். ஆனால் பெண்கள்தான் முதலில் குலவை போட்டார்கள். "சிலுப்பிருச்சு, சிலுப்பிருச்சு, சாமி ஏத்துக்கிச்சு" என்று ஆண்கள் கும்பிட்டார்கள். குலவை முடியும் முன்பே முன்னங்கால் மடங்கியது. மூக்கில் நுரை தள்ளியது. இரண்டு இழுப்பு இழுத்து அடங்கிவிட்டது.

யாரும் ஆட்டைப் பார்க்கவில்லை, பானுமதியைத்தான் பார்த்தார்கள்.

"சிலுப்பிக்கிட்டு நல்லாத்தான இருந்துச்சு. எவ வந்து நின்னா, என்ன ஆச்சு, பாத்தீங்கள்ல?" என்றார் முருகானந்தம். சிலுப்பாவிட்டால் அவள் குற்றம், சிலுப்பினால் சாமி, செத்தால் மறுபடி அவள் குற்றம். அவர் மேலே சொன்னார். "இனிமே அந்த வேலைக்கிப் போனா கோயில் பக்கம் வரக்கூடாது. ஜெயக்குமாருக்கும் சேத்துத்தான் சொல்றேன். பங்காளிங்க யாரும் இந்த வீட்டுல கை நனைக்க மாட்டோம்."

கை நனைக்க மாட்டோம் என்றால், சாப்பாடு தண்ணி கிடையாது, நல்லது கெட்டது கிடையாது. ஜெயக்குமார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பானுமதி அழவில்லை. பையைக் கீழே வைத்தாள். "பொதைக்க வேண்டாம். அறுத்துப் பாக்கணும். எதனால செத்துச்சுன்னு எனக்குத் தெரியணும்" என்றாள். பிறகு கைப்பேசியை எடுத்தாள்.

மறுநாள் விடிந்ததும் ஆன்சி வந்துவிட்டாள். கொல்லையில் பழைய ஃப்ளெக்ஸ் பேனரை விரித்துக் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வர மாட்டேன் என்ற முருகானந்தமும் தடுப்பு ஓரமாக வந்து நின்றார். நெஞ்சுக் கூட்டைத் திறந்ததும் தண்ணீர் கொட்டியது. இதயத்தை எடுத்து, கீறி, பானுமதி ஊற்றிய தண்ணீரில் அலசினாள்.

"இதாம்மா வால்வு. வழவழன்னு காயிதம் மாதிரி இருக்கணும்."

அப்படி இல்லை. புளியங்கொட்டை அளவுக்குக் கொத்துக் கொத்தாக, மஞ்சளும் சிவப்புமாக, காலிஃப்ளவர் மாதிரி முளைத்துக் கிடந்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

ஜெயக்குமார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினான். இவ்வளவு நாளும் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை பேசாதவன் விரலை நீட்டி அந்த முளையைத் தொடப் போனான். ஆன்சி தடுத்தாள்.

"இது ஒக்காராது" என்றான். "வால்வு சீட்டுல மயிரளவு பிசிறு இருந்தாலே ஒக்காராது. லீக் அடிக்கும். நாங்க திருப்பி அனுப்பிருவோம். இத்தன பெரிசு வச்சுக்கிட்டு எப்படிங்க இது நடந்துச்சு?"

"கஷ்டப்பட்டுத்தான் நடந்திருக்கும்" என்றாள் ஆன்சி. "எங்கயாவது ஆறாத சீழ் இருந்தா அதுலேந்து கிருமி ரத்தத்துல கலந்து இங்க வந்து ஒக்காரும். வேற எடத்துல நான் காயம் பாக்கல. காதுலேந்துதான் போயிருக்கணும். அத எதால வெட்டுனீங்க?"

ஜெயக்குமார்தான் சொன்னான். "டியூப் சொரண்டுற பிளேடுங்க." சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தான். தரையைப் பார்க்கவில்லை.

மனுஷன் அங்கேயாவது தலை குனிந்திருக்கலாம். "சாமி குத்தம் நெஞ்சுல எறங்கிருக்கு. அதான் முளைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கண்ணால் பார்த்ததையும் தன் பக்கத்துக்கே வளைத்துக்கொள்கிற ஆளை என்ன செய்வது.

வேண்டுதல் பாக்கி நிற்கக் கூடாது என்று அடுத்த வருஷத்துக்காகப் புதுக் குட்டி ஒன்று வாங்கினார்கள். அதுவும் கறுப்பு. காது வெட்ட ஜெயக்குமார் வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார்கள். பங்காளிகள் வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார்கள். பானுமதி சாயங்கால ஷிஃப்டுக்கு நீலச் சேலை கட்டிக்கொண்டு நின்றாள். நான் கத்தரிக்கோலோடு வெளியே வந்துவிட்டேன்.

முருகானந்தம் சட்டைப் பையில் கையை விட்டார். அதே பிளேடு.

பானுமதி இறங்கி வந்து குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "கையக் கழுவிட்டு வாங்க பெரியத்தான்."

"என்னாது?"

"கையக் கழுவிட்டு வந்து இதத் தொடுங்க. வார்டுல பெரிய டாக்டரே வந்தாலும் கழுவாம வுட மாட்டோம்."

"யாருக்குடி தீட்டுங்கிற? சாமியாடுற கை இது."

"தீட்டுன்னு நான் சொல்லல. அழுக்குன்னு சொல்றேன்."

பங்காளிகளில் ஒருத்தர் ஜெயக்குமாரை அதட்டினார். "என்னப்பா, பாத்துக்கிட்டு நிக்கிற?"

ஜெயக்குமார் உள்ளே போனான். பயந்துகொண்டுதான் போகிறான் என்று நினைத்தேன். ஒரு கையில் தண்ணீர் வாளி, இன்னொரு கையில் சோப்பு டப்பா, சட்டைப் பையில் பிரிக்காத புதுப் பிளேடு என்று விந்தி விந்தி வந்தான். வாளியை அண்ணன் காலடியில் வைத்தான்.

"எனக்காக நேந்த கெடாண்ணே இது. கழுவுனா வெட்டலாம். இல்லன்னா வேண்டாம், வேண்டுதல நானே கருப்புக்கிட்டச் சொல்லிக்கிறேன். இனிமே இதுக்கு நோவுன்னா ஊசியும் போடுவேன். பானு வேலைக்கும் போவும்."

முருகானந்தம் பங்காளிகளைப் பார்த்தார். இதயத்தில் முளைத்திருந்தது தெருவெல்லாம் பேச்சாகியிருந்தது. ஒருத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நேரமாவுதுப்பா, கழுவிட்டுத்தான் வெட்டேன்" என்றார்.

அவர் கையை நீட்டினார். முகம் எரிந்தது, ஆனாலும் நீட்டினார். ஜெயக்குமார் தண்ணீர் ஊற்றினான். பஞ்சர் கடைக் கறுப்பு, சோப்பு நுரையோடு கலந்து வாசலில் ஓடியது.

"வெரல் இடுக்குலயும் தேய்ங்க. நகக்கண்ணுலயும்" என்றாள் பானுமதி.

கை நனைக்க மாட்டோம் என்று சொன்ன வீட்டு வாசலில் அவருடைய இரண்டு கையும் முழங்கை வரைக்கும் நனைந்தன. அவர் கழுவி முடிக்கிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டு, பானுமதி குட்டியைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு மன்னார்புரம் பஸ்ஸுக்குப் போனாள்.